எதிர்வரிசைக்குப் போன நாற்காலி

அன்புள்ள பானுவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா? கொட்டச்சேட்டில் இப்போது பனி இறங்கியிருக்கும். காபிப் பழம் பறிக்கப் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள். நான் நலம்.

போன் வரவில்லையே என்று பயப்படாதே. போரை நிறுத்தும் பேச்சுவார்த்தை எங்கள் ஓட்டலில்தான் நடக்கிறது. அது முடியும்வரை எங்கள் போனையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம்.

இன்று ஒரு வேடிக்கை. இத்தனை வருடம் ஒரே அணியில் நின்று சண்டை போட்ட இரண்டு நாடுகளில் பெரியது, தன் நாற்காலியை எதிரி நாட்டுக்காரர்கள் இருக்கும் எதிர்வரிசைக்கு மாற்றச் சொல்லிவிட்டது. நாற்காலியையும் மேசைக் கொடியையும் நான்தான் தூக்கிப்போய் வைத்தேன். சின்ன நாட்டுப் பெரியவர் மட்டும் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்த அரபு ஊர் வழக்கப்படி, விருந்தாளி கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை காபி ஊற்ற வேண்டும். அவர் ஆட்டவே இல்லை.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று என்னையறியாமல் நம் பேச்சிலேயே கேட்டுவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கோப்பையை நீட்டினார். அது நிறைந்தேதான் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்போல என்று நானும் நகராமல் நின்றேன்.

யாராவது இங்கே வந்தால் நம் மிளகு கொஞ்சம் கொடுத்தனுப்பு. சேர்வராயன் கோயிலுக்குப் போனால் என் பேருக்கும் ஒரு தேங்காய் உடை.

மேனேஜர் கூப்பிடுகிறார், மறுபடியும் நாற்காலி மாற்ற வேண்டுமாம். ஒன்று மட்டும் செய். சாப்பிடும்போது நான் உட்காரும் இடத்தில் பாப்பாவை உட்கார வை. காலியாக விடாதே.

உன்,
சத்யராஜ்