முப்பது டிகிரிக் குழாய்

எனக்கும் சேர்த்துப் பேசிய ஜெயாவுக்கு,

நேற்று, புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்தேன். முப்பத்தேழு டிகிரியில் வளர்ந்த ஷிகெல்லாவில், அந்த ரத்தபேதிக் கிருமியில், அது குடலுக்குள் நுழைய உதவும் புரதத்தின் பட்டை நீலமாகத் தெரிகிறது. முப்பதில் வளர்ந்ததில் அந்த இடம் வெறுமை. "படம் நல்லா வந்திருக்கு" என்றார் சார்.

அந்த வெறுமையை நம்பித்தானே சிரித்தாய்? பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது நம் லேபில் எல்லாருக்கும் வழக்கம். அன்று முப்பது டிகிரிக் குழாயிலிருந்து ஒரு மடக்கு உனக்குள் போய்விட்டது. நான் பதற, நீ வாயைக் கொப்பளித்துவிட்டு, "முப்பதுல வளந்ததுடி. லத்தி இல்லாத போலீசு, என்னத்தச் செய்யும்?" என்றாய். "சார்ட்டச் சொல்லிப்புடாத, வெளிய அனுப்பிருவாக. நீதேன் வாயவே தொறக்கமாட்டியே!"

நானும் சிரித்தேன். இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்தது நாம் மட்டும்தான். எனக்கும் பயம். ஆனால் உன் உடம்பே முப்பத்தேழு டிகிரி என்பது நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை ஜெயா?

இந்தமுறை முப்பது டிகிரிக் குழாயை முப்பத்தேழுக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டே மணி நேரத்தில் பட்டை வந்துவிட்டது. அன்று அந்த நேரத்தில் நாம் உன் அம்மா கொடுத்தனுப்பிய அயிரைமீன் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தோம்.

ரத்தபேதியோடு நீ கிடந்தபோது, "குழம்பைத் தவிர வேற எதுவும் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். சொல் என்றா, சொல்லாதே என்றா? நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பட்டியல் என் பையில் இருந்த நோட்டில் இருந்தது.

கல்லறைத் திருநாளன்று உன் கல்லறை முன்னால் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மொத நா வச்ச கொழம்பத் தாயி சுட வச்சுக் குடுத்துவிட்டேன். எம்புள்ளைய நாந்தேன் கொன்னுபுட்டேன். இனி எனக்கு நீதேன் ரெண்டாவது மக." அதே குழம்பை நானும் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் இப்போது மீனே வாங்குவதில்லையாம்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் ஊருக்கு, ஒக்கூர் பஸ் ஏறுவேன். குழாயை, என் நோட்டை, நான் குனிந்த தலையை, எல்லாவற்றையும் சொல்வேன். காரணம் குழம்பு இல்லை என்று சொல்வேன். உன்னைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. அம்மாவிடமிருந்து அந்தப் பழியை மட்டும் வாங்கிக்கொள்ள முடியும்.

அதற்குப் பிறகு அவர் என்னை மகள் என்று கூப்பிடமாட்டார். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்:

உன் தங்கை,
அமலி