குன்னத்துகால் யட்சியின் மூன்றாம் சாட்சி

அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கும் ஏழிலைப்பாலை இந்த ஆண்டும் பூத்துவிட்டது. மாலை நான்கு மணிக்கே என் அறையின் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். தலை வலிக்கிறது என்று காரணம் கூறினேன். நெய்யாற்றின்கரையில் பலருக்கும் பாலைப்பூ வாசனை தலைவலி தரும் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையான காரணத்தை உனக்கு மட்டுமே எழுத முடியும். நீ போய் இரண்டு மாதமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலையில், பாரலல் காலேஜ் என்று அங்கே அழைக்கும் ஒரு தனியார் டுட்டோரியலின் ஓலைக்கூரைக்குக் கீழே நாம் இருவரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒருபக்கம் அரசு வேலைக்கான தேர்வுகளையும் எழுதிக்கொண்டிருந்தோம். துபாயிலிருந்து வந்த உன் உறவினர் ஒருவர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டை உன்னிடம் கொடுத்தார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அக்கதைக்குள் ஒவ்வொரு பாத்திரமாக நின்று முடிவெடுக்கும் விளையாட்டு அது. பாழ்பட்ட கோட்டைகள், சவப்பெட்டிகள், இரத்தம் குடிக்கும் பிரபுக்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ வந்ததும், ஆரியங்கோட்டில் உன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் கூடுவோம். மூன்றாவது ஆள் செல்வராஜ், நம்மோடு கணக்குப் பாடம் எடுத்தவன்.

புத்தகம் கேட்ட பத்துமுகப் பகடை நம்மிடம் இல்லை. பத்துப் புளியங்கொட்டைகளை ஒருபக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினேன். எத்தனை வெள்ளை விழுகிறதோ அதுவே எண். விதிகளை எழுதுவது என் பொறுப்பு. கதை சொல்வது உன்னுடையது. செல்வராஜ் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது என்னைக் கேலி செய்வதை.

மூன்றாம் வாரத்தில் நீ ஜெராக்ஸ் கட்டை மூடிவைத்தாய். அந்தப் புத்தகத்தில் முதல் இரத்தக்குடியன் பாவம் செய்து சபிக்கப்பட்டவன். அது உனக்கு ஒப்பவில்லை.

"இது நம்ம ஊருக்குச் சேராது, மக்கா. இங்க பாவம் செய்தவன் சுகமா இருப்பான். ஆருக்குப் பாவம் செய்தானோ, அவளாக்கும் செத்து யட்சியாவா."

அதை நான் விதியாக்கினேன். நம் விளையாட்டில் வரும் ஒவ்வொரு யட்சிக்கும் இந்த எல்லைக் கிராமங்களில் வழங்கும் பிறப்புக்கதை ஒன்று வேண்டும். அக்கதையை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேராவது சொல்லியிருக்க வேண்டும். இறந்த விதம், இடம், நேரம், கடைசியாகக் கேட்டது, எந்த மரத்தில் ஆணியால் அறையப்பட்டாள்: ஐந்து பத்திகள் கொண்ட படிவம் ஒன்றை வரைந்தேன்.

"எலே, யட்சிக்கும் ஜாதகம் எழுதுதியா?" என்றான் செல்வராஜ். "செத்த நட்சத்திரத்துக்கு ஒரு பத்தி போட மறந்துட்ட, பாரு."

படிவத்தோடு சைக்கிளில் குன்னத்துகாலுக்குப் போனேன். நான் கொல்லயில் ஊர்க்காரன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னார்: கட்டிக்கொடுத்து வந்த பெண், மூன்று வயதுக் குழந்தை, புருஷன் வீட்டில் ஏதோ பழி சொல்லி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், மழை, பிள்ளைக்குப் பால் கேட்டுப் பொழுது அடையும் வரை வாசலில் நின்றாள், மறுநாள் கிணற்றில் கிடந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த பிறகும் ஊருக்குப் பயம் போகவில்லை. மந்திரவாதியைக் கூட்டிவந்து, கிணற்றங்கரைப் பாலை மரத்தில் இரும்பாணி அறைந்தார்கள்.

நான் பெயர் கேட்டேன். "பேரு பறையப்பிடாது, தம்பி. பேரு சொன்னா அவ திரும்பிப் பாப்பா" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னவர் அந்தப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். அவரும் பெயர் சொல்லவில்லை. "உச்சிக்கு அந்தக் கிணத்துப் பக்கம் போனா, கதவு தட்டுத சத்தம் கேக்கும். கிணத்துக்கு ஏது கதவு?" என்று என்னையே கேட்டார்.

படிவத்தில் பெயருக்குப் பத்தி இல்லாதது சரிதான் என்று திருப்தியோடு திரும்பினேன். அவள் உன் அம்மா என்பதும், அந்தக் குழந்தை நீ என்பதும் எனக்குத் தெரியாது. ஆரியங்கோட்டில் நீ அம்மா என்று அழைத்தது உன் அம்மாவின் தங்கையை என்பதும் தெரியாது. உன் அடக்கத்தன்று தெரிந்துகொண்டேன். படிவத்தை உன்னிடம் நீட்டிய நாளின் உன் முகத்தை இப்போது மறுபடி மறுபடி பார்க்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் அது எதையும் காட்டிக்கொடுக்க மறுக்கிறது.

நீ படிவத்தை இரண்டு தடவை வாசித்தாய்.

"இத ஆரு சொன்னா?"

சொன்னேன்.

"ஒரு தெற்று உண்டு. பிள்ளைக்குப் பால் கேட்டாண்ணு எழுதியிருக்க. பால் கேக்கல்ல. எனக்கு இடம் வேண்டாம், பிள்ளைய மட்டும் உள்ள எடுங்கண்ணாக்கும் கேட்டா."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "நானும் கேட்டதாக்கும்" என்றாய். 'பால்' என்பதை அடித்துத் திருத்தினேன். ஓரத்தில் எழுதினேன்: மூன்றாம் சாட்சி, பெயர் கூறவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் கதையை ஆடினோம். புகைப்புரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நீ என்னை அந்த வீட்டின் காரணவராக, குடும்பத் தலைவராக, உட்காரவைத்தாய். கதவைத் திறப்பதும் திறக்காததும் என் முடிவு.

"மழை பெய்யுது. வாசல்ல ஒருத்தி நிக்கியா. இடுப்புல பிள்ளை உண்டு. கதவத் தட்டுதா" என்று ஆரம்பித்தாய்.

"அவள் உயிரோடு இருக்கிறாளா, இறந்துவிட்டாளா?" என்று கேட்டேன். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து மாற்றாமல் நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: இரத்தம் குடிப்பது அழைக்காமல் நிலைப்படி தாண்டாது, அழைத்துவிட்டால் வீட்டில் ஒருவரும் மிஞ்சுவதில்லை.

"வெளிய நிக்கியவ உயிரோடயா செத்தவளாண்ணு, உள்ள இருக்கியவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமல் எப்படி முடிவெடுப்பது?"

"தெரியாமத்தான் எடுக்கணும்."

செல்வராஜ் சிரித்தான். "எலே, ஒரு பொம்பள பிள்ளையும் கையுமா நனையுதா. நீ அவளுக்கிட்ட மரணச் சர்ட்டிபிக்கேட் கேக்கியா?"

நான் சிரிக்கவில்லை. கொட்டைகளை உருட்டிப் பார்க்கலாம் என்றேன். நீ அவற்றை உன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாய். வீட்டுக்குள் ஆறு பேர் என்று நாம் எழுதி வைத்திருந்தோம். ஆறு உயிரைப் பணயம் வைக்க முடியாது. கதவு திறக்கப்படாது என்றேன்.

"பிள்ளைய மட்டும் எடுங்கண்ணு அவ கேக்கியா."

"பிள்ளையும் மாயமாக இருக்கலாம். இல்லை."

நீ கொட்டைகளைத் தரையில் வைத்தாய். பிறகு கதை சொல்லும் குரலை விட்டு, உன் சொந்தக் குரலில் கேட்டாய்: "கடைசியா கேக்கேன், மக்கா. தெறக்கியா?"

"இல்லை" என்றேன்.

"செரி. அப்பிடித்தான் நடந்துது" என்றாய்.

கேட்ட கதைக்கு உண்மையாக ஆடியதற்கு நீ தந்த பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பிறகு நாம் ஆடவில்லை. ரப்பர் வேலை என்றாய். பிறகு மஸ்கட் போய்விட்டாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடிதம் எழுதினாய், பின்னாளில் போன் செய்தாய். என் திருமணத்துக்கு வந்தாய், என் மகளுக்கு ஒரு நல்ல பேனா கொண்டுவந்தாய். அந்த ஞாயிறைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் என்னைப் பொறுத்துக்கொண்டாயா, மன்னித்தாயா, அல்லது அதைப் பெரிதாகவே எண்ணவில்லையா? கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்க ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடக்கம் முடிந்து பந்தலில் நின்றபோது உன் தங்கை என்னிடம் வந்து பேசினாள்.

"அண்ணனுக்க சொந்த அம்மை எனக்கு பெரியம்மையாக்கும். குன்னத்துகால்ல கெட்டிக்குடுத்தது. கிணத்தாங்கரையில அண்ணன் ஒத்தைக்கு இருந்து அழுது கரைஞ்சிட்டிருந்தானாம், நனைஞ்ச துணியோட. அங்கேருந்தாக்கும் எங்க அம்மை தூக்கிட்டு வந்தது."

பிறகு என்னை ஆறுதல்படுத்துவதுபோல, "உங்களப் பற்றி ஒரு குற்றம் சொன்னதில்ல. அவன் ஆடினா நியாயம் தெற்றாதுண்ணு அண்ணன் சொல்லும்" என்றாள்.

நான் உன் அம்மாவின் பெயரைக் கேட்டேன். பகல் வெளிச்சத்தில், தயக்கமில்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வயதில் நனைந்துகொண்டு நின்ற அந்த வாசலுக்கு நீ திரும்பிப் போனது எதற்காக என்று இப்போது எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தடவை, விளையாட்டிலாவது, அந்தக் கதவு திறப்பதைப் பார்க்க விரும்பினாய். அதற்காக உள்ளே உட்காரவைக்க உனக்குக் கிடைத்தவர்களில் நீ நம்பியவன் நான்.

என் மனைவியிடம் இதைச் சொன்னேன். தெரிந்திருந்தால் திறந்திருப்பீர்கள் அல்லவா என்றாள். ஆமாம், உன் அம்மா என்று தெரிந்திருந்தால், நான் எழுதிய விதிகளை நானே கிழித்துவிட்டுத் திறந்திருப்பேன். அதில்தான் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. குன்னத்துகாலில் உள்ளே இருந்தவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும், அவர்கள் திறக்கவில்லை. எனக்கு அவளைத் தெரியாது, நானும் திறக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்து அவர்களை மறந்துவிட்டது. நான் கெட்டவனாக இருக்கவில்லை. எச்சரிக்கையாக இருந்தேன், காரணங்கள் வைத்திருந்தேன், மூன்று முறை கேட்டும் குரல் நடுங்காமல் பதில் சொன்னேன். அவள் நனைந்துகொண்டே நிற்பதற்கு அது போதுமாக இருந்தது.