பூத்த மரத்தடி வரிசை

ப்ராக்,
மார்ச் 9

அன்புள்ள வோய்டாவுக்கு,

அம்மா சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மருமகள் கிர்ஸ்டியும் சுகம்தானே? உலகத்தின் தென்கோடியில் உங்கள் ஹோபர்ட்டில் இனி குளிர ஆரம்பிக்கும். நான் பின்னிக் கொடுத்த கழுத்துத் துண்டை வெளியே எடுத்து வை.

உன் கடிதம் வந்தது. உன் மாமனாரும் மாமியாரும் ஜூன் மாதம் இங்கே வருகிறார்கள், ஒரு வாரம் தங்கி ஊரைப் பார்ப்பார்கள், திரும்பும்போது என்னையும் கையோடு கூட்டி வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டதாம், போக மட்டும். கிறிஸ்துமஸ் அன்று நீ தொலைபேசியில் கேட்டபோது, சரி, உன்னோடேயே வந்து இருந்துவிடுகிறேன் என்று சொன்னவள் நான்தான். சொன்ன சொல்லை மாற்றவில்லை. வீட்டைக் காலி செய்யப்போவதை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் கவலை வேறு. அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டு என்கிறாய். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் கோட்டைக்குள் கடைசியாகப் போனது பள்ளிக்கூடத்தில் படித்தபோது. பழைய சதுக்கத்து மணிக்கூண்டின் அடியில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், கையில் காய்கறிப் பையோடு, அண்ணாந்து நிற்கிற கூட்டத்தைத் திட்டிக்கொண்டே. அந்தக் கடிகாரத்திலிருந்து வெளியே வருகிற பொம்மைகள் யார் என்று உன் மாமியார் கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

அதனால் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தேன். மூன்றாம் மாடி லுபோமீர் துணைக்கு வருகிறேன் என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாரே, அவர்தான். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மாடிப்படியில் விஷயத்தைச் சொன்னேன். உடனே அந்த ஒலிபெருக்கிக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூணாம் மாடிப் பயணி எல்லா ஞாயித்துக்கிழமையும் சும்மாதான் கெடக்காரு" என்றார். கீழ்வீட்டு நாய் குரைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


ப்ராக்,
ஏப்ரல் 14

அன்புள்ள வோய்டாவுக்கு,

நீ அனுப்பிய புகைப்படங்கள் கிடைத்தன. எனக்காக ஒதுக்கியிருக்கும் அறை வெளிச்சமாக இருக்கிறது. ஜன்னலில் கடல் தெரிகிறது. கிர்ஸ்டிக்கு நல்ல மனசு, திரைச்சீலையெல்லாம் தைத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்கு என் முத்தங்கள்.

ஒத்திகை மும்முரமாக நடக்கிறது. மணிக்கூண்டில் மணி அடித்ததும் லுபோமீர் பொம்மையாக வந்த இயேசுவின் சீடர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வந்து நிற்கிற ரயிலை அறிவிப்பதுபோல அறிவித்தார். பாதிப் பெயர் தப்பு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு ஒரு வெளிநாட்டுக் கூட்டம் அவரை வழிகாட்டி என்று நினைத்து எங்கள் பின்னாலேயே சார்லஸ் பாலம்வரை வந்துவிட்டது. அவரும் விடவில்லை. "இடது பக்கம் ஆறு, வலது பக்கமும் ஆறு, கைப்பையைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று நம் மொழியிலேயே சொன்னார். அவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

பாலத்தில் நெபோமுக் புனிதர் சிலையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறதல்லவா, தொட்டால் ஊருக்குத் திரும்பி வருவோம் என்று வெளியூர்க்காரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார்களே, அது. உள்ளூர்க்காரி எவளும் தொடமாட்டாள். நான் தொட்டேன். 

போன ஞாயிறு ரயிலேறி கார்ல்ஸ்டெயின் கோட்டைக்குப் போனோம். ஊர் எல்லையைத் தாண்டினால் ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த இறைச்சி இல்லாமல் நம் ஆட்கள் போவார்களா? நான் இரண்டு பேருக்கும் சேர்த்து வறுத்து எடுத்துப் போனேன். பார்த்தால், அவரும் இரண்டு பேருக்கும் வறுத்துக்கொண்டு வந்திருக்கிறார், ஊறுகாய் வெள்ளரிக்காயோடு. அவருடையது கொஞ்சம் கருகியிருந்தது. நான் அவருடையதைச் சாப்பிட்டேன், அவர் என்னுடையதைச் சாப்பிட்டார்.

அங்கேதான் முதன்முதலாக, ஜூனில் நான் உன்னிடமே வந்துவிடப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். வழியெல்லாம் ஒவ்வொரு நிலையத்தையும் முந்திக்கொண்டு அறிவித்துக்கொண்டு வந்தவர், சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். கோட்டை வாசலில்தான் கேட்டார்: "டிக்கெட்டு போக வரவா?"

போக மட்டும் என்றேன்.

"மகன்கிட்டதானே போறீங்க, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். கோட்டையில் என்ன பார்த்தோம் என்று கேட்காதே. உன் மாமனாரை அங்கே கூட்டிப் போவதானால் நான் மறுபடியும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா


ப்ராக்,
மே 2

அன்புள்ள வோய்டாவுக்கு,

இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன். உன் யர்மிலா அத்தையின் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிட்டால், அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

நேற்று மே முதல் தேதி. ஒத்திகையில் பெட்ரீன் குன்றும் அதன் உச்சிக் கோபுரமும் பாக்கி இருந்தன. வேறு எந்த எண்ணமும் இல்லை, சத்தியமாக. மே ஒன்றாம் தேதி பூத்த மரத்தடியில் முத்தம் வாங்காத பெண் அந்த வருடம் முழுக்கக் காய்ந்துபோவாள் என்று நம் ஊரில் சொல்வதை நீ கிர்ஸ்டிக்கு விளக்கிச் சொல், அவளுக்குத் தெரிந்திருக்காது. உன் அப்பா இருந்தவரை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. கட்டுப் போட்ட காலோடு வந்த வருடமும் உண்டு. அவர் போன பிறகு மே ஒன்றாம் தேதி நான் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை.

இந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. குன்றில் செர்ரிப் பூவெல்லாம் ஒரு வாரம் முன்பே கொட்டிவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கோபுரத்தை நோக்கி நடக்கும்போது நீளமாக ஒரு வரிசை தெரிந்தது. உனக்குத்தான் தெரியுமே, எங்கள் காலத்து ஆட்களுக்கு வரிசையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். இடத்தைப் பிடித்த பிறகுதான் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிப்போம். அப்படித்தான் கடையில் எதுவும் லேசில் கிடைக்காத காலத்தில் உனக்கு ஆரஞ்சு வாங்கினேன். கோபுரத்துக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று நினைத்து நின்றேன். அவரும் நின்றார். எங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

வரிசை ஒரு வளைவு திரும்பிய பிறகுதான் பார்த்தேன். முன்னால் ஒரு வயதான ஆப்பிள் மரம். குன்றிலேயே பூவோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஜோடி ஜோடியாக அதன் அடியில் போய், முத்தம் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள்.

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். விலகிப் போய்விடலாம் என்றேன். அவர் காது சிவந்துவிட்டது. "இவ்வளவு நேரம் நின்னுட்டு வெறுங்கையோட போறதா?" என்றார். வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள் இந்த ஊரில் எவளும் இல்லை. பின்னால் நின்ற ஒரு பெண், "தாத்தா, பாட்டியைக் கூட்டிட்டு சீக்கிரம் போங்க, பூ கொட்டிரப் போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மரத்தடியில் போய் நின்றதும் அவர் தொண்டையைக் கனைத்தார். ஒலிபெருக்கிக் குரல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போகாதீங்க" என்றார்.

கன்னத்தில்தான் என்று நான் நினைத்தேன். கன்னத்தில் இல்லை.

அங்கே ஒரு பத்திரிகைக்காரன் இருந்திருக்கிறான். இன்று காலை யர்மிலா அத்தை தொலைபேசியில் கூப்பிட்டாள். "பேப்பர்ல உன் தொப்பிய பாத்தேன்டி. தொப்பி உன்னோடதுதான், மூஞ்சி தெரியல. அந்த ஆளு யாரு?" என்றாள். சொன்னேன். மறுபடியும் பேப்பரை விரிக்கிற சத்தம் கேட்டது. இறந்துபோன தன் தம்பியை, உன் அப்பாவை, நினைத்துக்கொள்கிறாளோ என்று பட்டது. பிறகு, "முதுகு நேரா இருக்கு. நல்ல ஆளாத்தான் இருப்பான்" என்றாள். படத்தை வெட்டி உனக்கு அனுப்பிவிட்டாளாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

உன் அப்பாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவருடைய பீர் கோப்பை அதே கொக்கியில்தான் தொங்குகிறது. லுபோமீர் அதைத் தொடமாட்டார், தன் கோப்பையை மாடியிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது வோய்டா. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகப் பார்க்கப் போய், எனக்கே என் ஊர் பிடித்துப்போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஜூனில் உன் மாமனார் மாமியாருக்கு நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரைக் காட்டுகிறோம். அந்த டிக்கெட்டை முடிந்தால் டிசம்பருக்கு மாற்று, போக வர இரண்டுக்குமாக. பக்கத்து இருக்கைக்கு லுபோமீர் தானே வாங்கிக்கொள்கிறார். அங்கே கெண்டை மீன் கிடைக்குமா, உங்கள் குளியல் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய கெண்டையை நம் வீடுகளில் அதுவரை குளியல் தொட்டியில் நீந்தவிடுவது பற்றி கிர்ஸ்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அந்தத் திரைச்சீலையைக் கழற்ற வேண்டாம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீ ஏமாந்துபோவாய் என்று தெரியும். அதை நினைத்துத்தான் நேற்று ராத்திரி முழுக்க இந்தக் கடிதத்தைத் தொடாமல் இருந்தேன். எப்போதும் உன்னை வாழ்த்துவது நான்தான். இந்த ஒரு தடவை நீ என்னை வாழ்த்தி எழுது, கண்ணா. ஒரு வரி போதும்.

இந்த வருடம் காய்ந்துபோகாத,
உன் அம்மா