தேனு வெட்டிய இறக்கைகள்

சனிக்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. இன்று போடியில், மகள் தேனுவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஏலக்காய் விளையும் மலைக்காட்டில் நிஜமாகவே வாழக்கூடிய ஒரு கற்பனை விலங்கைக் களிமண்ணில் செய்திருந்தாள். அதன் இறக்கைகளை என் கிழிந்த பட்டுச்சேலையில் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

பார்க்க வந்த நடுவர், "இம்புட்டுக் கனத்தை இந்த ரெக்கை தூக்குமாம்மா?" என்று கேட்டார்.

தேனு ஓர் இறக்கையை விரலால் தூக்கிப் பார்த்தாள். "தூக்காது சார்," என்றாள். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு இறக்கைகளையும் வெட்டிவிட்டாள். பட்டுத் துண்டுகளை நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப செந்நாய் வந்தா எப்படித் தப்பிக்கும்?" என்றார் நடுவர்.

"ஒடம்பு சருகு நெறம் சார். அசையாம கெடந்துக்கிரும். ரெக்கை இருந்தா மினுங்கிக் காட்டிக் குடுத்துரும்."

அவர் குனிந்து அந்த விலங்கை வெகுநேரம் பார்த்தார். பரிசு என்னவோ வேறொரு பிள்ளைக்குத்தான்.

எங்கள் ஊர் சிலமலைக்குத் திரும்பும் பஸ்சில், "கோவமாம்மா?" என்றாள்.

"போடி கிறுக்கி. இப்பத்தான் அது உசுருள்ளது மாதிரி இருக்கு."

அதற்குள் அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "மூடுபனியில அதுக்குக் கண்ணு எதுக்கும்மா?"

பஸ்சில் இருந்த எல்லோரிடமும் இவள் என் மகள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.