நான்காம் ஸ்டேஷனின் ரப்பர் விரிப்பு

அன்புள்ள அப்பாவுக்குப் பெரியவள் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். சோறு மட்டும் அறையிலும் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், பழகிவிட்டது.

மருந்துப் பெட்டி கட்டும் இந்தத் தொழிற்சாலையில் எனக்கு நான்காம் நம்பர் ஸ்டேஷன். சிரிக்காதீர்கள், இங்கே ரயில் வராது. உட்கார நாற்காலி கேட்டேன். பக்கத்து மேஜை அக்கா முன்பு ஆங்கில டீச்சராம். "லத்தீன்ல 'நிக்கிறது'ங்கிற வார்த்தைலேர்ந்து வந்ததும்மா இந்த ஸ்டேஷன். ரயிலு, போலீஸு எல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. நிக்கிற இடம், அவ்வளவுதான்" என்றார்.

காலுக்கடியில் ஒரு ரப்பர் விரிப்பு. எனக்கு முன்பு இந்த இடத்தில் வேலை செய்தவளின் இரண்டு பாதங்களும் அதில் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. அவள் எங்கே போனாள் என்று கேட்டால் எல்லோரும் இன்னும் வேகமாகப் பெட்டி கட்டுகிறார்கள். என் கால் அதில் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. அது பிடிக்காமல் நேற்றுச் சாப்பாட்டு வேளையில் விரிப்பைப் புரட்டிப் போட்டேன். மறுபக்கத்திலும் இரண்டு பாதங்கள், இன்னும் ஆழமாக.

"எல்லாரும் ஒரு தடவ பொரட்டிப் பாக்குறதுதான்" என்றார் அக்கா, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

கவலைப்படாதீர்கள், வெறும் ரப்பர்தானே. தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நம் வீட்டு வாசலில் என் பழைய செருப்பு கிடக்கும். தங்கை கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நான் கழற்றிவிட்ட இடத்திலேயே இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டது. நிற்கப் போகிறேன்.

உங்கள் மகள்