திருநீற்றில் காற்றுப் பார்த்தல்

எதையும் மோந்தே பிடித்துவிடும் என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம், உங்கள் ஆட்டைத் திவசம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. படையல் முழுவதையும் நான்தான் சமைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிஸின் மறுபக்கம் லோசானிலிருந்து சின்னம்மா இதைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே முறையிட்டிருப்பார். நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கும் உங்கள் தங்கச்சியின் குரல் எட்டாமலா இருக்கும்?

திவசத்துக்கு முந்திய வாரம்தான் அவர் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்தார், யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார், பிறகு விஷயத்துக்கு வந்தார். நான் மலையில் வேட்டையாடுகிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். உயிர் எடுத்த கையால் பிதிர்ச் சோறு சமைக்கக்கூடாதாம். பேர்ண் நகரில் ஒருவர் ஓர்டருக்குச் சமைத்துக் கொடுக்கிறாராம், அவரிடம் சொல்லிவிடலாமாம்.

"பிண்டம் ஆர் வைக்கிறது, சின்னம்மா?" என்று கேட்டேன்.

"அது தம்பிதானே. கனடாவிலயிருந்து அதுக்குத்தானே பிள்ளை வாறான்."

உங்கள் மகன் ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டு வான்கோழி சுடுகிறவன் என்பது சின்னம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதன் வாலை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கும் படத்தை உங்கள் தொலைபேசியில் பார்க்காத ஆட்கள் எங்கள் துன் நகரத்துத் தமிழரில் உண்டா? கோயிலில் காட்டினீர்கள், பஸ்ஸில் காட்டினீர்கள், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் காட்டினீர்கள். "என்ர மகன் காட்டுக்குள்ள போய்ச் சுட்டது" என்று சொல்லும்போது உங்கள் கழுத்து கொஞ்சம் நீளும்.

அதே வாயால் என்னைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை நீங்கள். ஏனம்மா?

உங்களிடமிருந்து ஒளிக்கத்தான் நானும் முதலில் பாடுபட்டேன். என்னோடு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் வெர்னர்தான் என்னை இதற்குள் கொண்டுவந்தவர். வேட்டைப் பரீட்சைக்குப் படிக்கும்போது "வேலைப் படிப்பு" என்று உங்களிடம் சொன்னேன். வேட்டைத் துவக்கும் தோட்டாவும் வெர்னர் வீட்டு இரும்பு அலுமாரியில் இருந்தன. வேட்டை அங்கியும் சப்பாத்தும் கட்டடத்தின் நிலவறையில், பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால். உங்கள் கண்ணில் எதுவும் படவில்லை, காதுக்கும் எதுவும் எட்டவில்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கெம்ஸே என்று இவர்கள் சொல்லும் மலையாட்டை ஏமாற்றுவதில் கண் சின்ன விஷயம் அம்மா. அசையாமல் இருந்தால் அது உங்களை ஒரு கல் என்றே நினைத்துவிடும். காது கூர்மைதான், ஆனால் மலையில் கற்கள் தாமாகவும் உருளும். மூக்குத்தான் அதன் பலம். எதிர்ச் சரிவில் நிற்கும் மனிதரையும் காற்று ஒருமுறை திரும்பினால் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் மலைக்குப் போகும் நாட்களில் நான் வாசனைச் சவர்க்காரம் போடுவதில்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, முதல் நாள் உள்ளிப்பூண்டு சேர்த்த கறி தொடுவதில்லை. உடுப்பை வெளியில் காற்றாட விட்டுத்தான் போடுவேன்.

நீங்கள் என்னைப் பிடித்ததும் அதனால்தான். ஒரு சனிக்கிழமை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்க வந்தேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை நீங்கள்.

"பிள்ளை, ஒரு மணமும் இல்லாத மனிசர் இருக்கேலாது. நீ ஆருக்கோ ஒளிக்கிறாய்."

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயத்தை உரித்து முடித்தீர்கள், கத்தியைக் கழுவினீர்கள்.

"ஊரில சண்டைக்குத் துவக்குத் தூக்கின பெண்பிள்ளையளை நான் காணாததோ," என்றீர்கள். "செய்யிறதைச் செய். சனத்துக்குத் தெரியவேண்டாம்."

அடுத்த முறை மலையில் அங்கியின் பைக்குள் கைவிட்டபோது சின்னதாய் மடித்த ஒரு கடதாசிப் பொட்டலம் அகப்பட்டது. திருநீறு. முழங்கால் நோவோடு நிலவறைப் படிகளில் இறங்கி, சூட்கேசுகளை இழுத்து, அதை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். நெற்றியில் கொஞ்சம் பூசினேன். மிச்சத்தில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் விழவிட்டேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அவ்வளவு துல்லியமாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. அன்றிலிருந்து அதைத்தான் பாவிக்கிறேன். பாவம் என்று சின்னம்மா சொல்லுவார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? கேட்காமலே இருந்துவிட்டேன்.

தம்பி திவசத்துக்குச் சில நாள் முன்னதாகவே வந்து இறங்கினான். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதான். அழுது முடிந்ததும், "அக்கா, என்னையும் ஒருக்கா மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றான். பார்க்க மட்டும்தான், துவக்கு என் கையில்தான் இருக்கும் என்று சொல்லிக் காண்டர் பள்ளத்தாக்குக்கு மேலே கூட்டிப்போனேன்.

அவனுடைய வேஷத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இலை இலையாய் அச்சடித்த சட்டை, அதே துணியில் கையுறை, முகத்துக்கு வலை. வான்கோழிக்கு அதுதான் முறையாம். அதன் கண் அப்படிப்பட்டதாம். தலையின் இரண்டு பக்கமும் கண் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிவரப் பார்க்குமாம், நிறம் பிரித்து அறியுமாம், முகத்தின் மினுக்கத்தையும் கை விரலின் அசைவையும் தூரத்திலேயே கண்டுகொள்ளுமாம். காதும் அப்படியே. ஆண் பறவையைப் பெட்டைக் குரல் கொடுத்து அழைத்தால், குரல் வந்த மரத்தையே நேராகத் தேடி வருமாம். "ஆனா மூக்கு சுத்தமா வேலை செய்யாது, அக்கா. அதுக்கு மட்டும் மணக்கிற சக்தியும் இருந்திருந்தா ஒருத்தரும் ஒண்டும் சுட்டிருக்கேலாது."

அங்கேதான் பிழை வந்தது. பாறைக்குப் பின்னால் அவன் அசையாமல் இருந்த மாதிரி யாரும் இருக்க முடியாது. இமைகூட அடிக்கவில்லை. எதிரே, சற்று மேலே, புல் திட்டில் மலையாட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது, கிழட்டுப் பெண் ஆடு ஒன்று முன்னால். காலையில் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். நாங்கள் கீழே இருந்ததால் எங்கள் மணம் அவற்றிடம் போகாது. வெயில் பட்டதும் காற்று மேலே திரும்பும் என்பதால் இடம் மாறுவோம் என்று சைகை காட்டினேன். வலைக்குள்ளிருந்து அவன் தலையை மெல்ல ஆட்டி மறுத்தான். அசைந்தால் கண்டுவிடுமாம்.

அப்போதுதான் எனக்கு மணத்தது. நீங்கள் வருஷக்கணக்காய் முழங்காலுக்குப் பூசிய அதே தைலம். ஏறி வந்த கால் நோவுக்கு, உங்கள் அலுமாரியிலிருந்து எடுத்துவந்ததை, நான் முன்னால் ஏறும்போது பின்னால் நின்று இரண்டு காலிலும் தாராளமாய்ப் பூசியிருக்கிறான் உங்கள் மகன்.

ஒரு சிட்டிகை திருநீற்றை விழவிட்டேன். அது நேரே மேலே போயிற்று. கிழட்டு ஆடு தலை நிமிர்த்தியது, மூக்கால் ஒரு சீழ்க்கை அடித்தது, அவ்வளவுதான். திட்டு வெறுமையாயிற்று.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவனும் வலையைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கேட்டேன். "நீ சுட்ட கையால பிண்டம் வைக்கலாம், நான் சுட்ட கையால பருப்பு அவிக்கக்கூடாதோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, அக்கா."

"ஓம். நீ ஒண்டும் சொல்லேல்லை."

இறங்கும் வழி முழுக்க அவன் எனக்குப் பின்னால் வலையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாய் வந்தான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அம்மா, உங்கள் பிள்ளைகள் இருவரில் ஒருத்தி மட்டும் ஏன் எப்போதும் மணம் இல்லாமல் நடக்க வேண்டியிருந்தது? சின்ன வயதில் ஊரில் குண்டு விமானம் இரைந்தபோது பதுங்குகுழிக்குள் மூச்சடக்கி இருந்தோமே, அது உயிருக்காக. இங்கே வந்தும் நான் மூச்சடக்கியது யாருக்காக?

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மாவை அழைத்து, சமையல் என்னுடையது என்றேன். சனம் சாப்பிடாது என்றார். சாப்பிடாவிட்டால் மிஞ்சும், மிஞ்சினால் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக எனக்கு உதவும் என்றேன். தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் தொலைபேசியை வைத்ததும் கத்தரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, "இதை எப்பிடி வெட்டுறது?" என்றான். தடித்தடியாய் வெட்டினான். அப்படியே போட்டேன்.

ஐயர் வந்தார், தம்பி பிண்டம் வைத்தான், நான் படைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பருப்பு, வடை, பாயாசம், எல்லாம் உங்கள் பக்குவத்தில்தான். சின்னம்மா வந்திருந்தார், மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையில். பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்தோம். பறவைகளுக்குத் தீன் வைக்கக்கூடாது என்று கட்டடக் காவலர் சொல்வாரே என்று நீங்கள் எப்போதும் பயந்தீர்கள். நான் வைத்தேன்.

காகம் வரவில்லை. எல்லோரும் கண்ணாடிக் கதவில் நெரித்துக்கொண்டு கா, கா என்று கூப்பிட்டார்கள். எதிர்க் கூரையில் ஒரு காகம் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தியோ பிள்ளை. அக்கா எடுக்கமாட்டா."

அந்தக் கணம் நீங்கள்தான் அந்தக் கூரையில் இருந்து மறுக்கிறீர்கள் என்று எனக்கும் தோன்றிவிட்டது. பொய் சொல்லமாட்டேன்.

தம்பி என் காதுக்குள் குனிந்தான். "அக்கா, இது வான்கோழிக் கேஸ். மூக்கு இல்லை, கண்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் திரும்பி, எல்லோரையும் பின்னால் போய் நிலத்தில் இருக்கச் சொன்னேன். தம்பி திரைச்சீலையை இழுத்து ஓரத்தில் மட்டும் ஒரு நீக்கல் விட்டான். கூப்பிடுவதை நிறுத்தச் சொன்னேன். தொலைபேசிகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பட்டுச் சேலையில் வெயில் தெறித்துக்கொண்டிருந்ததால் சின்னம்மாவைச் சுவரோரமாய்த் தள்ளி இருக்கச் சொன்னேன். இருந்தார், அம்மா. ஐயரும் இருந்தார். அவ்வளவு தமிழ்ச் சனம் ஓர் அறைக்குள் சத்தமில்லாமல் இருந்ததை நீங்கள் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டீர்கள்.

காகம் கம்பியில் வந்து இருந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துப் பார்த்தது. பிறகு இறங்கி, வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து, தம்பி தடித்தடியாய் வெட்டிய கத்தரிக்காயையும் எடுத்தது.

சின்னம்மா எழுந்து சேலையை உதறினார். வாழையிலை போட்டதும் சாப்பிட வந்து இருந்தார். பாயாசம் இரண்டாம் முறையும் வாங்கினார். "அக்கான்ர கைதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அது என்னுடைய கை என்று நான் சொன்னேன்.

நீங்கள் அனுமதி தந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது பசித்த காகம். அதன் கண்ணுக்கு நாங்கள் மறைந்தோம், அது வந்தது. வராமல் போயிருந்தாலும் சமைத்தவள் நான்தான், அடுத்த வருஷமும் நான்தான்.

அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன். சனத்துக்குத் தெரியவேண்டாம் என்ற உங்கள் ஒரு சொல்லை மட்டும் மீறுகிறேன், அம்மா. பொட்டலம் தீர்ந்துவிட்டது, இனித் திருநீறு நானே வாங்கி வைத்துக்கொள்வேன். மலையில் காற்றுப் பார்த்து, மணமில்லாமல், மூச்சடக்கி ஒளிந்திருப்பேன். மலையை விட்டு இறங்கினால் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, காற்று சனத்தின் பக்கம் போகிற இடமாய்ப் பார்த்து நிற்பேன். இது சத்தியம்.

இனி ஒளிக்காத,
உங்கள் மூத்த பிள்ளை.