கால்சியம் டப்பாவில் ஒளித்த மாத்திரை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா நலம். இது வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லை, போன வாரம் ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிற நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கை வாங்கிவிட்டேன், பெயின்ட் டின்கள் இனி நடைபாதையில் நிற்காது. உன் பிரசவத்துக்கு வர டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் புறப்படுவதற்கு முன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. உட்கார்ந்து படி.

போன வருஷம் நான் இளைத்தபோது டாக்டர் சர்க்கரை, தைராய்டு என்று எல்லாம் எழுதினார், எதிலும் ஒன்றும் இல்லை. இதை ஏன் பார்க்கவில்லை என்று நானே கேட்டேன். "உங்க வயசுக்கு அதெல்லாம் எதுக்கும்மா" என்று மேசையைப் பார்த்தார். "எனக்கு அறுபத்திரண்டுன்னு கிருமிகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களா, எழுதுங்க" என்றேன். எழுதினார், இருந்தது. அப்பா போன பிறகு, நம் டின்களை ஏற்றி வரும் லாரிக்காரரோடு எனக்குப் பழக்கம் என்பது உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாய், நல்ல பிள்ளை. பிள்ளை பிறக்கும் வயதுதான் தாண்டிவிட்டதே, ஆணுறை எதற்கு என்று இருந்துவிட்டோம். அவரையும் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நான் கல்லு மாதிரி இருக்கேன், என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போற" என்று வழியெல்லாம் முனகினார், அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று தோண்டவில்லை, இருவரும் மாத்திரை போடுகிறோம். அதிலும் நான் ஒரு கூத்து செய்தேன். கடைப் பெண்கள் பார்த்துவிடக்கூடாதென்று அந்த மாத்திரையை முழங்காலுக்கான கால்சியம் டப்பாவில் கொட்டி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். நாலு மாதமாகியும் கிருமி இறங்கவில்லை. நர்ஸ் என் பையைக் கவிழ்க்கச் சொல்லி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "கால்சியம் இதை உடம்புல சேர விடாதும்மா, யாருக்குப் பயந்து ஒளிக்கிறீங்க" என்றாள். சரக்கைக் கலந்து வைத்தால் என் கடையில் ஒருவரையும் விடமாட்டேன், என் உடம்புக்கு அதையே நானே செய்திருக்கிறேன். இப்போது அந்த மாத்திரை காலையில், கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. ஆறு மாதமாகச் சோதனையில் கிருமி தென்படவே இல்லை.

பிள்ளையை மடியில் போட்டாலும் குளிப்பாட்டினாலும் முத்தம் கொடுத்தாலும் இது ஒட்டாது. என் வார்த்தையை மட்டும் நம்பாதே, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் உன் டாக்டரிடம் கேள். கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் வர வேண்டாம் என்று நீயே சொல், மாப்பிள்ளையை விட்டுச் சொல்லவைக்காதே. நான் கோபிக்கமாட்டேன், இங்கே எனக்கு வேலை கிடக்கிறது. ஆனால் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கும் எண்ணமிருந்தால் நான் வருவதை இப்போதே தடுத்துவிடு. வரச் சொன்னால், பிறந்த அன்றே பிள்ளையை என் கையில் கொடுக்க வேண்டும்.

தாயும் சேயுமாக நீண்ட ஆயுளோடு இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

உன் பதிலுக்காகப் பெட்டியை இன்னும் கட்டாமல் இருக்கும்,
அம்மா